படிவத்தின் கட்டங்கள்: மைசூரில் சேர்க்கை விண்ணப்பம் கேட்ட கேள்விகள்

1. கேள்வி

போட்டி மிகுந்த கல்லூரியில் இடம் கேட்கும் மாணவரிடம் அந்தக் கல்லூரி எதையெல்லாம் கேட்கலாம்? மதிப்பெண்ணைக் கேட்கலாம் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. சாதியைக் கேட்கலாமா? தகப்பனாரின் தொழிலை, வீட்டு வருமானத்தை, பத்தாம் வகுப்புவரை படித்த ஊரைக் கேட்கலாமா? பள்ளி நாடகத்தில் நடித்ததுண்டா, பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியதுண்டா என்று கேட்டு அதற்கும் மதிப்பெண் போடலாமா?

இடஒதுக்கீட்டைப் பற்றித் தமிழில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. சட்டம், தீர்ப்பு, விழுக்காடு ஆகியவை அலசப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்தச் சட்டமும் தீர்ப்பும் பதினேழு வயதுப் பிள்ளையின் கைக்கு வந்து சேருவது ஒரு படிவமாகத்தான். அதன் ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் ஓர் ஆணையும், ஒரு வழக்கும், ஒரு வாதமும் இருக்கின்றன. அந்தக் கட்டங்களின் வரலாற்றை ஓர் ஊரையும் அதன் பெயர் கொண்ட மாநிலத்தையும் மையமாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மைசூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சமஸ்தானம் ஒன்றில் எழுந்த முதல் இந்தியப் பல்கலைக்கழகம் 1916 ஜூலை 27 அன்று இங்கே தொடங்கப்பட்டது. பிற்பட்ட வகுப்பாரை அளந்து வரையறுக்கும் முயற்சி இரண்டே ஆண்டுகளில் இங்கே தொடங்கியது. மாணவர் சேர்க்கை குறித்து உச்ச நீதிமன்றம் அளித்த மிக முக்கியமான இரண்டு தீர்ப்புகளும் (பாலாஜி, 1962, சித்ரலேகா, 1964) மைசூர் மாநிலத்தின்மீது தொடுக்கப்பட்ட வழக்குகளில் பிறந்தவை.

2. மூன்று பார்வைகள்

படிவம் எதைக் கேட்க வேண்டும் என்பதில் மூன்று பார்வைகள் நிலவுகின்றன.

முதலாவது, மதிப்பெண் தவிர வேறெதையும் கேட்கக் கூடாது என்பது. பெயரையும் மறைத்து எண்ணை மட்டும் பார்த்தால் பாரபட்சத்துக்கு இடமிருக்காது என்று இப்பார்வையினர் நம்புகிறார்கள். இரண்டாவது, மதிப்பெண் ஒரு துண்டு மட்டுமே, மாணவரின் ஆளுமை முழுவதையும் அறிய வேண்டும் என்பது. நேர்முகத் தேர்வு, தன்னைப் பற்றிய கட்டுரை, பரிந்துரைக் கடிதம் ஆகியவை இங்கிருந்து வருகின்றன. மூன்றாவது, மாணவர் எந்தச் சமூக நிலையிலிருந்து வருகிறார் என்பதைக் கேட்டே ஆக வேண்டும் என்பது. ஒரே மதிப்பெண்ணை இருவர் எடுத்திருந்தாலும் அதை எடுக்க அவர்கள் ஏறிய ஏற்றம் ஒன்றல்ல என்பது இதன் அடிப்படை.

பொதுவாக முதல் பார்வைக்கும் மூன்றாம் பார்வைக்கும் இடையிலான சண்டையாகவே நம் விவாதங்கள் நடக்கின்றன. மைசூர்ச் சான்றுகளைப் படிக்கும்போது வேறொரு கோடு தெரிகிறது. சரிபார்க்கத்தக்க உண்மையைக் கேட்கும் கட்டம் ஒரு பக்கம். கேட்பவரின் மனத்தில் பதியும் அபிப்பிராயத்துக்கு மதிப்பெண் கொடுக்கும் கட்டம் மறு பக்கம். ஏழைப் பிள்ளைக்கு அதிகம் இடர் தந்தது இந்த இரண்டாம் வகைதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

3. மில்லர் குழுவின் அளவுகோல்

மைசூர் சமஸ்தானத்தின் அரசுப் பணிகளில் பிராமணர்களே மிகுதியாக இருந்த நிலையில், 1917-ல் பிராமணரல்லாதார் பிரஜா மித்ர மண்டலியைத் தொடங்கிக் கோரிக்கை எழுப்பினார்கள். மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1918-ல் மைசூர் தலைமை நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். திவான் விஸ்வேஸ்வரையாவுக்கு இதில் உடன்பாடில்லை. தகுதி குறையும் என்று அவர் கருதினார். அவ்வாண்டின் இறுதியில் பதவி விலகினார். அவருக்குப் பின் காந்தராஜ அர்ஸ் திவானானார். 1919-ல் குழு அறிக்கை தந்தது. அரசாணை 1921-ல் வந்தது. ஏழு ஆண்டுகளுக்குள் உயர்பணிகளில் பாதியும் கீழ்நிலைப் பணிகளில் மூன்றில் இரு பங்கும் பிற்பட்ட சமூகத்தாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது இலக்கு.

குழுவின் முதன்மை அக்கறை பணி நியமனம்தான். ஆனால் பிற்பட்ட நிலையை அளக்க அது எடுத்த அளவுகோல் கல்வி. ஆங்கிலம் படித்தோர் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக உள்ள சமூகங்களைப் பிற்பட்டவை என்றது. சாதியின் பெயரைக் கேட்டது. அதோடு நிற்காமல் அந்தப் பெயருக்குப் பின்னால் எத்தனை பேருக்குப் பள்ளி வாசல் திறந்திருந்தது என்று எண்ணிப் பார்த்தது.

4. ஒரே கேள்வி, வேறு நோக்கம்

மைசூரில் இந்த ஆணை வந்த மறு ஆண்டு, 1922-ல், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் விண்ணப்பப் படிவத்தை மாற்றியது. இனமும் நிறமும், மத விருப்பம், தாயின் பிறந்தவீட்டுப் பெயர், தகப்பனார் பிறந்த ஊர் ஆகியவற்றைப் புதிய படிவம் கேட்டது. பிறந்த பிறகு உன் பெயரிலோ உன் தகப்பனார் பெயரிலோ மாற்றம் ஏதும் செய்யப்பட்டதா என்றும் கேட்டது. புதிய மாணவர்களில் ஐந்தில் ஒருவர் யூதராக இருந்த காலம் அது. தலைவர் லோவெல் அந்தத் தொகையைக் குறைக்க விரும்பினார். பெயரை மாற்றிக்கொண்ட யூதக் குடும்பத்தையும் கண்டுபிடிக்கவே அந்தக் கடைசிக் கேள்வி. வெளிப்படையான உச்சவரம்பை ஆசிரியர்கள் ஏற்கவில்லை. 1926-க்குப் பின் குணநலன், ஆளுமை என்ற அளவுகோல்கள் கூடுதல் எடை பெற்றன. யூத மாணவர் தொகை சரிந்தது. சமூகவியலாளர் ஜெரோம் காரபெல் 2005-ல் வெளிவந்த தம் நூலில் இதை ஆவணங்களோடு நிறுவியிருக்கிறார்.

பிறப்பைக் கேட்கும் கட்டம் மைசூரில் கதவைத் திறக்கவும் ஹார்வர்டில் கதவைச் சாத்தவும் பயன்பட்டது. அடுத்த சான்று நமக்கு இன்னும் நெருக்கமானது. 1971-ல் இலங்கைப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தேர்வு மொழியை வைத்துத் தகுதி மதிப்பெண் பிரிக்கப்பட்டது. மருத்துவத்துக்கு 400-க்குச் சிங்களவழி மாணவர் 229 எடுத்தால் போதும். தமிழ்வழி மாணவர் 250 எடுக்க வேண்டும். எந்த மொழியில் எழுதினாய் என்ற கேள்வியே ஓர் இனத்தின் பிள்ளைகளை வடிகட்டும் கருவியானது. 1974 முதல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டின் விளைவு கலவையானது. பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்தது. யாழ்ப்பாணத்து மாணவரின் வாய்ப்பு மேலும் சுருங்கியது.

ஆகவே பிறப்பைக் கேட்பது தானாகவே நீதியும் ஆகாது, தானாகவே அநீதியும் ஆகாது. கேட்டுப் பெற்ற விவரம் யாருக்கு இடம் தரப் பயன்படுகிறது என்பதே முதல் சோதனை.

5. நீதிமன்ற வாசலில்

சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை ஒவ்வொரு பதினான்கு கல்லூரி இடங்களையும் இப்படிப் பிரித்தது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அரசாணையைச் செல்லாததாக்கியது. தீர்ப்பிலேயே ஒரு செய்தி பதிவாகியிருக்கிறது. செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. விசாரித்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததால் விண்ணப்பம் போடாமல் வழக்குப் போட்டார். அரசு இந்த ஆட்சேபத்தை உரிய நேரத்தில் எழுப்பாததால் வழக்கு நின்றது. தமிழ்நாட்டில் எழுந்த கொந்தளிப்பின் விளைவாக அதே ஆண்டு முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து, 15(4) என்ற உட்பிரிவு சேர்ந்தது. இன்று நாடெங்கும் சேர்க்கைப் படிவத்தில் உள்ள வகுப்புக் கட்டத்துக்கு முதல் சட்ட ஆதாரம் அந்த உட்பிரிவுதான்.

புதிய உட்பிரிவை உரைகல்லில் தேய்த்துப் பார்த்தது மைசூர். நாகன கௌடா குழு 1961-ல் அளித்த அறிக்கையை ஒட்டி, 1962 ஜூலை 31 அன்று மைசூர் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பிற்பட்டோருக்கு 28, மிகப் பிற்பட்டோருக்கு 22, பட்டியல் சாதியினருக்கு 15, பட்டியல் பழங்குடியினருக்கு 3 என மொத்தம் 68 விழுக்காடு மருத்துவ, பொறியியல் இடங்கள் ஒதுக்கப்பட்டன. உயர்நிலைப் பள்ளியின் கடைசி மூன்று வகுப்புகளில் ஒவ்வொரு சமூகத்திலும் ஆயிரம் பேருக்கு எத்தனை மாணவர் என்ற கணக்கே இதற்கு அடிப்படை.

அந்த ஆண்டு விண்ணப்பித்து இடம் கிட்டாத 23 மாணவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். எம்.ஆர். பாலாஜி வழக்கில் 1962 செப்டம்பர் 28 அன்று நீதிபதி கஜேந்திரகட்கர் தீர்ப்பெழுதினார். பிற்பட்ட நிலையைச் சாதி ஒன்றை மட்டும் வைத்து அளக்கக் கூடாது. ஒதுக்கீடு பொதுவாக 50 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். பிற்பட்டோர், மிகப் பிற்பட்டோர் என்று பிரித்தது தவறு என்றார். கடைசிக் கருத்து நிலைக்கவில்லை. 1992-ல் இந்திரா சாஹ்னி வழக்கில் அந்தப் பிரிவு ஏற்கப்பட்டது. 50 விழுக்காட்டு வரம்பு மட்டும் இன்றுவரை நம் அரசியலை ஆட்டிவைக்கிறது.

6. 1963 ஜூலை: இரண்டு ஆணைகள்

பாலாஜி தீர்ப்புக்குப் பின் மைசூர் அரசு செய்ததுதான் இக்கட்டுரைக்கு மையமான சான்று. 1963 ஜூலையில், ஒரே மாதத்தில், ஒரே அரசு, ஒரே மாணவர் சேர்க்கைக்காக இரண்டு முடிவுகளை எடுத்தது.

ஒன்று, பிற்பட்ட வகுப்பின் புதிய வரையறை. சாதிப் பெயர் முழுவதும் நீக்கப்பட்டது. குடும்ப ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்கு மேற்படாமல் இருக்க வேண்டும். கூடவே குடும்பத் தொழில் இந்த ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும்: தானே உழுது பயிரிடுதல், கைவினைத் தொழில், சிறு வியாபாரம், கடைநிலை ஊழியமும் தினக்கூலியும், உடலுழைப்பு சார்ந்த வேறெந்தத் தொழிலும். இந்தக் கட்டத்தை நிரப்ப மாணவருக்கு யாருடைய உதவியும் தேவையில்லை. அப்பா ஏர் ஓட்டுகிறார், தறி நெய்கிறார், மூட்டை தூக்குகிறார் என்பதைச் சொல்லத் தெரியாத பிள்ளை இல்லை. சொன்னது மெய்யா என்று ஊரில் விசாரித்தால் தெரிந்துவிடும்.

மற்றொன்று, நேர்முகத் தேர்வு பற்றியது. சேர்க்கைக்குக் கணக்கிடப்படும் விருப்பப் பாடங்களின் மொத்த மதிப்பெண்ணில் 25 விழுக்காட்டு அளவு நேர்முகத் தேர்வுக்கு வைக்கப்பட்டது. எதற்கெல்லாம் மதிப்பெண் என்பதையும் அரசே பட்டியலிட்டது: பொது அறிவு, நாட்டமும் ஆளுமையும், முந்தைய கல்விச் சாதனைகள், தேசிய மாணவர் படை போன்றவை, விளையாட்டு, சமூக சேவை, சொற்போர், நாடகம் உள்ளிட்ட பாடம் சாராத செயல்பாடுகள்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் முரண் கண்ணில் அறைகிறது. முதல் ஆணை தினக்கூலியின் மகனைத் தேடிப் பிடித்து இடம் கொடுக்கிறது. இரண்டாவது ஆணை அதே மகனை மேசைக்கு முன்னால் நிறுத்தி, நாடகத்தில் நடித்தாயா, சொற்போரில் பேசினாயா என்று கேட்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் மாடு பிடிக்கப் போகும் பிள்ளைக்கு மேடை ஏது? தேசிய மாணவர் படைப் பிரிவே இல்லாத பள்ளியில் படித்தவருக்கு அந்தத் தலைப்பில் என்ன கிடைக்கும்? ஒதுக்கீட்டுக்குள் போட்டியிட்டவர்களிடையேயும் இந்தத் தட்டு நகரத்துப் பிள்ளையின் பக்கமே சாய்ந்திருக்கும்.

இந்த ஏற்பாட்டை எதிர்த்து வந்ததே சித்ரலேகா வழக்கு. நேர்முகத் தேர்வு நடத்தப்பட்ட விதத்தில் குறை கண்ட மைசூர் உயர் நீதிமன்றம், அதை மறுபடி நடத்தச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 1964 ஜனவரி 29 அன்று தீர்ப்பளித்தது. சுப்பா ராவ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, வருமானத்தையும் தொழிலையும் வைத்துப் பிற்பட்ட நிலையை அளந்ததை ஏற்றது. நேர்முகத் தேர்வையும் ஏற்றது. அம்முறை தவறாகப் பயன்படுத்தப்பட்டால் அந்தந்த வழக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் நிலை. நீதிபதி முதோல்கர் மாறுபட்டார்.

 இப்படி, அபிப்பிராயத்துக்குக் கால்பங்கு எடை தரும் முறை தப்பித்துக்கொண்டது. அது எவ்வளவு பெரிய தப்புதல் என்பதை அடுத்த இருபது ஆண்டுகள் காட்டின.

7. நேர்முகத் தேர்வின் பின்கதை

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் பாட மதிப்பெண் 200-க்கும் நேர்முகத் தேர்வு 75-க்கும் கணக்கிடப்பட்டது. விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, பாடம் சாராத சேவை, உடல் வலிமை, பொதுத் திறன், நாட்டம் ஆகியன தலைப்புகள். பெரியகருப்பன் வழக்கில் 1970-ல் உச்ச நீதிமன்றம் இந்த நேர்முகத் தேர்வு நடந்த முறையைக் கண்டித்தது.

பத்தாண்டு கழித்து ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கு வந்தது. அங்கே 150-ல் 50 மதிப்பெண் நேர்முகத் தேர்வுக்கு. ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிடங்கள்தான் பேசினார்கள். பெற்றோர் யார், வீடு எங்கே என்பது போன்ற கேள்விகளைக் கேட்டார்கள் என்பது மாணவர்களின் புகார். மொத்த மதிப்பெண்ணில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்முகத் தேர்வுக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்று 1980 நவம்பரில் தீர்ப்பானது. பெற்றோரையும் வீட்டையும் படிவத்தில் கேட்டு விதிப்படி இடம் கொடுப்பதை ஒருவர் எதிர்க்கலாம், ஆதரிக்கலாம். குறைந்தபட்சம் அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதே விவரத்தை மூடிய அறையில் கேட்டு மனத்தில் மதிப்பெண் போட்டால் எதிர்க்கக்கூட வழியில்லை.

தொழிற்கல்விச் சேர்க்கையில் பொது நுழைவுத் தேர்வும் கலந்தாய்வும் வந்தபோது நேர்முக மதிப்பெண் மறைந்தது. கர்நாடகம் என்று பெயர் மாறிய மைசூர் மாநிலத்தில் 1990-களில் நிலைபெற்ற சிஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு முறையும், தமிழ்நாட்டில் 1984 முதல் நடந்து 2006-ல் இயற்றிய சட்டத்தால் நீக்கப்பட்ட நுழைவுத் தேர்வும் இந்த வகையில் ஒரு முன்னேற்றம். அபிப்பிராயத்தின் இடத்தை எண் பிடித்தது. அந்த எண்ணும் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவருக்குச் சாதகமானது என்பதே தமிழ்நாடு அதை நீக்கியதற்கும், இன்று நீட் தேர்வை எதிர்ப்பதற்கும் காரணம்.

8. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம்: எண் மட்டும் போதும். இதற்கு மைசூரிலிருந்தே ஒரு சான்று. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியர் ஆர்.கே. நாராயண் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றார். ஓராண்டு வீட்டிலிருந்து வாசித்தார், எழுதினார். 1926-ல் தேறி மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். அவர் தந்தை பள்ளித் தலைமையாசிரியர், புத்தகத்துக்குக் குறைவில்லை, ஓராண்டு காத்திருக்க வீடு இடம் கொடுத்தது. அதே தேர்வில் தோற்ற கூலித் தொழிலாளியின் மகனுக்கு அந்த ஓராண்டு கிடைத்திருக்காது. தோல்வி என்ற எண் இருவருக்கும் ஒன்று. எண் அவர்களுடைய வீட்டைச் சொல்வதில்லை. வீட்டைச் சொல்ல வேறு கட்டம் வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம்: சாதியைக் கேட்காமல் வருமானத்தை மட்டும் கேட்டால் போதுமே. 1963-ல் மைசூர் இதைச் செய்து பார்த்தது. ஆனால் அம்மாநிலமே அந்த வழியில் நிற்கவில்லை. மைசூர் மாவட்டத்து ஹுன்சூர்த் தொகுதியிலிருந்து வந்த முதல்வர் தேவராஜ் அர்ஸ் ஆட்சியில் ஹாவனூர் ஆணையம் 1972-ல் அமைந்தது. 1975-ல் அறிக்கை தந்தது. 1977-ல் அதன் அடிப்படையில் ஆணை வந்தது. சமூக நிலை மறுபடி படிவத்துக்குள் வந்தது. வறுமை ஒரு தலைமுறையில் வரலாம், போகலாம். தொடக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட வரலாறு வருமானச் சான்றிதழில் ஏறுவதில்லை.

மூன்றாவது எதிர்வாதம் கனமானது: சான்றிதழே கடைக்கோடிப் பிள்ளைக்கு எட்டாக்கனி. கர்நாடகத்தில் நாட கச்சேரி எனும் வருவாய் அலுவலகத்திலும் தமிழ்நாட்டில் இ-சேவை மையத்திலும் தாசில்தார் அலுவலகத்திலும் நடையாய் நடந்து வாங்க வேண்டியவை இவை. நிலையான முகவரி இல்லாத நாடோடிச் சமூகத்தாருக்குச் சாதிச் சான்றிதழ் கிடைப்பது இன்றும் போராட்டம்தான். கர்நாடகச் சிஇடியில் கிராமப்புற மாணவருக்கு 15 விழுக்காடும் கன்னடவழி மாணவருக்கு 5 விழுக்காடும் உண்டு. அதைப் பெற முதல் வகுப்பு முதல் பத்தாம் வகுப்புவரை அவ்வாறே படித்ததற்குத் தலைமையாசிரியரின் சான்று வேண்டும். இரண்டு மூன்று பள்ளி மாறிய பிள்ளை ஒவ்வொரு பள்ளிக்கும் போய் நிற்க வேண்டும். இந்த எதிர்வாதத்தை ஏற்க வேண்டும். ஆனால் இது கேள்வியின் குறையன்று, சான்று தேடும் சுமையை யார் தலையில் வைக்கிறோம் என்பதன் குறை.

9. இன்றைய படிவம்

தனியார் பல்கலைக்கழகங்கள் பெருகியிருக்கும் இக்காலத்தில் இரண்டாம் பார்வை புதிய உடையில் திரும்பியிருக்கிறது. தன்னைப் பற்றிய கட்டுரை, செயல்பாடுகளின் பட்டியல், நேர்காணல் ஆகியவற்றைக் கேட்கும் இந்தியப் பல்கலைக்கழகங்கள் இன்று உண்டு. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான விண்ணப்பத்தில் கட்டுரை 650 சொல்லுக்குள் இருக்க வேண்டும். அந்தக் கட்டுரையைத் திருத்திக் கொடுக்கப் பணம் வாங்கும் ஆலோசகர்கள் நம் நகரங்களிலும் இருக்கிறார்கள்.

2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹார்வர்டு வழக்கில், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடுத்தது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எவ்வாறு பாதித்தது என்று மாணவர் எழுதுவதைக் கல்லூரி கருத்தில் கொள்ளலாம் என்றும் சொன்னது. கட்டத்தில் ஒரு குறி போட்டால் முடிந்திருந்த விஷயத்தை இனி பிள்ளை கதையாக எழுதிக் காட்ட வேண்டும். தன் குடும்பம் பட்ட அவமானத்தை, முன்பின் அறியாத ஒருவரின் மனம் இளகும்படி எழுதத் தெரிந்தவருக்கு இடம். எழுத மனம் வராதவருக்கு இல்லை. இது மாணவரின் மானத்தின்மீது வைக்கும் விலை. நம் படிவத்தில் சாதிக் கட்டத்தை நிரப்பும் பிள்ளை யாரிடமும் கதை சொல்லி இரக்கம் கேட்க வேண்டியதில்லை. சட்டம் தந்த உரிமையைக் கோருகிறார், சான்றிதழை இணைக்கிறார், அத்தோடு சரி. தமிழ்நாட்டுப் படிவம் கேட்கும் 'முதல் பட்டதாரி' என்ற கேள்வியும் அப்படியே. வீட்டில் முதலில் கல்லூரி போகிறவர் நீங்களா? ஆம் அல்லது இல்லை. அந்த ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் கல்வி வரலாறு இருக்கிறது. அதை அழுது சொல்ல வேண்டிய தேவை இல்லை.

10. முடிவு

மைசூர்ச் சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். சமூக நிலையைக் கேட்கும் கட்டத்தை அதன் பயனை வைத்தே மதிப்பிட வேண்டும். 1921-ன் மைசூரும் 1922-ன் ஹார்வர்டும் கேட்டது ஏறக்குறைய ஒன்றே, செய்தது நேரெதிர். வெளிப்படையாகக் கேட்டு, வெளியிட்ட விதிப்படி பயன்படுத்தும் உண்மை, மறைவாக மதிப்பிடும் ஆளுமையைவிட நியாயமானது. சான்று தேடும் சுமை நிறுவனத்தைச் சேர வேண்டும். அரசின் கையில் ஏற்கெனவே உள்ள பள்ளிப் பதிவையும் சாதிச் சான்றையும் கல்லூரியே எடுத்துக்கொள்ள வழி செய்ய வேண்டும்.

சேர்க்கை விதிகளை வகுப்பவர்கள் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கேள்வியைப் போட்டுப் பார்க்கட்டும்: வீட்டில் யாரும் படித்திராத, ஆலோசகருக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளை, இதைத் தன் தாய்மொழியில், தனியாக உட்கார்ந்து, உண்மை மாறாமல் நிரப்ப முடியுமா? முடியாது என்றால் அந்தக் கட்டம் எவ்வளவு நவீனமாகத் தோன்றினாலும் நீக்கப்பட வேண்டும். அதுவரை ஆசிரியர்களும் படித்த பட்டதாரிகளும் தங்கள் தெருவில் விண்ணப்பிக்கும் பிள்ளைகளோடு ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். நிரப்பத் தெரியாத படிவத்தால் இழக்கும் இடத்தை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தராது.